டிக்கெட்டுக்கு முன்னால் ஊசி: கென்யா சுற்றுலா போகிறீர்களா?

மசாய் மாராவில் சிங்கம் பார்க்க வேண்டும் என்று ஆசை. டிக்கெட் போட்டாச்சு, ஹோட்டலும் புக் பண்ணியாச்சு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டீர்களா? "மஞ்சள் காமாலை ஊசி ஏற்கெனவே போட்டிருக்கேனே" என்று பலர் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. மஞ்சள் காய்ச்சல் கொசு பரப்பும் வைரஸ் நோய். ஹெபடைட்டிஸ் ஊசி இதற்கு உதவாது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவிலிருந்து நேராகப் போகும் பயணியிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கேட்பது நம் ஊர் விமான நிலையம்தான், அதுவும் நீங்கள் திரும்பி வரும்போது. சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. லீவு முடிந்து திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு நமக்குப் பழக்கமானதுதான். மொட்டை மாடி டயரிலும் தண்ணீர் டிரம்மிலும் வளர்ந்து டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. கொசு இங்கே இருக்கிறது, வைரஸ் இன்னும் வரவில்லை. 2016-ல் அங்கோலாவில் பெரிய அளவில் பரவியபோது, அங்கே வேலை பார்த்துவிட்டுச் சீனாவுக்குத் திரும்பிய 11 பேருக்கு இந்த நோய் இருந்தது. விமானத்தில் வந்து சேர ஒரு நாள்கூட ஆகாது. கென்யாவிலும் 2022 மார்ச்சில், நைரோபிக்கு வடக்கே உள்ள இசியோலோ பகுதியில் நோய் பரவியதாக அந்நாட்டு அரசே அறிவித்தது.

இப்போது கணக்கு. ஊசி போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். மே 20 அன்று விமானம் என்றால் மே 10-க்குள் போட்டிருக்க வேண்டும். ஆனால் மே 10-ஐ நம்பி இருக்காதீர்கள். ஒரு மருந்துக் குப்பியில் பல பேருக்கான அளவு இருக்கும், திறந்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்துத்தான் போடுவார்கள். நினைத்த நாளில் இடம் கிடைக்காது. குறைந்தது ஒரு மாதம் முன்பே பாருங்கள்.

அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாள், எவ்வளவு கட்டணம், முன்பதிவு உண்டா என்பதைப் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட் அசலைக் கொண்டு போங்கள். கொடுக்கும் மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். மொபைலில் போட்டோ எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். பழைய அட்டை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும்.

எல்லோருக்கும் இந்த ஊசி ஆகாது. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பொதுவாகப் போடுவதில்லை. முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், முதல் முறை போடும் 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். போடக் கூடாது என்று டாக்டர் எழுதித் தந்தாலும், திரும்பும்போது தனிமைப்படுத்தல் வரலாம். அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் டிக்கெட் போடும் முன்பே இதை யோசிக்க வேண்டும்.

கிளம்பும் வாரத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாமல், உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் நோய்ப் பரவல் செய்திகளைப் பாருங்கள். நாடு வாரியாகத் தேடலாம்.

மலேரியாவையும் மறக்காதீர்கள். அதற்குத் தடுப்பு மாத்திரை உண்டு, போகும் முன்பே தொடங்கி, வந்த பிறகும் டாக்டர் சொல்லும் காலம் வரை தொடர வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "கென்யா போய் வந்தேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். இரவு நேரத்தில் சந்தேகம் வந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.