வளரும் பிள்ளை தவறாக நடந்துவிட்டால்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை



இம்முறை எழுதப் போவது நாங்கள் வீட்டில் கதைக்காத விசயம். ஊரில் பன்னிரண்டு வருடம் படிப்பித்த நானும் வகுப்பில் கதைத்ததில்லை. இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்தால் "வீட்டில வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று பக்கத்தைப் பிரட்டிவிட்டுப் போனவள்தான் நான். இங்கு இங்கிலாந்தில் இந்த மேசைக்கு வந்து இருந்த பிறகுதான் அப்படிக் கதைக்காமல் விட்டதன் விலை தெரிந்தது.

ஒரு தாய் பத்திரம் நிரப்ப என்று வந்தார். நிரப்பி முடிந்த பிறகும் எழும்பவில்லை. கடைசியில்தான் சொன்னார்: தங்கியிருக்கும் இடத்தில், பக்கத்து அறைக் குடும்பத்தின் சின்னப் பிள்ளையிடம் தன் பதினான்கு வயது மகன் தவறாக நடந்துவிட்டான். (அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். "ரீச்சர், என்ர பிள்ளை இனி இப்பிடித்தானோ?" "எங்கட கேஸ் போயிடுமோ?" இரண்டுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் பெயர். 18 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை இன்னொருவருக்கோ தனக்கோ கேடு வரும்படி பாலியல் ரீதியாக நடந்தால், அதை இங்கே "தீங்கு விளைவிக்கும் பாலியல் நடத்தை" என்கிறார்கள். பிள்ளைக்கு அல்ல, நடத்தைக்குத்தான் அந்தப் பெயர். சைமன் ஹக்கெற் என்ற பேராசிரியர் 2010இல் இதை ஒரு ஏணி போல ஐந்து படிகளாகக் காட்டினார்: வயதுக்கு இயல்பானது, பொருத்தமில்லாதது, பிரச்சினையானது, துஷ்பிரயோகமானது, வன்முறையானது. சின்னப் பிள்ளைகள் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பது முதற்படி. அதற்கு அடிக்கத் தேவையில்லை. வயதிலோ பலத்திலோ பெரிய வித்தியாசம், பயமுறுத்தல், இனிப்புக் கொடுத்து ஏமாற்றல், "ஒருத்தரிட்டையும் சொல்லாதை" என்ற கட்டளை, வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பச் செய்தல் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

இனி முதற்கேள்வி. இப்படி நடக்கும் பிள்ளைகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. ஹக்கெற்றும் கூட்டாளிகளும் பிரித்தானியாவில் இதற்காக உதவிக்கு அனுப்பப்பட்ட 700 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2013இல் எழுதினார்கள். 97 வீதம் ஆண்பிள்ளைகள். 38 வீதமானவர்களுக்குக் கற்றல் குறைபாடு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தாங்களே அடியோ, துஷ்பிரயோகமோ, வேறு பெரிய அதிர்ச்சியோ பட்டவர்கள். இதைத் திருப்பி வாசிக்கக் கூடாது. துன்பம் பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை. போரையும் ஏஜென்சி பாதையையும் கண்ட உங்கள் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம்.

தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் தவறாக நடப்பவன் அநேகமாக ஒதுங்கியிருப்பவன். தன் வயதுச் சிநேகிதர் இல்லை, வெட்கம், பதற்றம், பாடசாலையில் பகிடி வாங்குபவன். தன் வயதுப் பெண்பிள்ளைகளைத் தொந்தரவு செய்பவன் வேறு மாதிரி. அவன் பெரும்பாலும் மற்ற விதிகளையும் மீறுபவன், சில வேளை கூட்டாளிகளுக்கு முன் கெட்டித்தனம் காட்டச் செய்பவன். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு எல்லை எது என்றே ஒருவரும் விளங்கும்படி சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து வயதுக்கும் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால், அதற்கு யார் என்ன செய்தார்கள், எதைக் காட்டினார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். போனில் பார்த்ததைச் செய்து பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. பெண்பிள்ளைகளும் உண்டு, தொகை குறைவு.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? ஒதுங்கியிருப்பவனுக்குச் சிநேகிதம் பழகப் படிப்பிக்க வேண்டும். விதி மீறுபவனுக்கு வீட்டிலும் வெளியிலும் கண்காணிப்பு வேண்டும். துன்பம் பட்டவனுக்கு அந்தக் காயத்துக்கு மருந்து வேண்டும். எல்லாருக்கும் ஒரே அடி போட்டால் ஒன்றும் மாறாது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் பிள்ளையை அடிப்பதே இப்போது சட்டவிரோதம். இங்கிலாந்திலும் தழும்பு விழ அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன நல்ல செய்தி இது. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இப்படிப் பிடிபட்ட 33,000க்கும் மேற்பட்ட இளம்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், திரும்பவும் பாலியல் குற்றத்தில் அகப்பட்டவர்கள் 100இல் ஏறக்குறைய 5 பேர். 2000க்குப் பிந்திய தரவுகளில் 3 பேருக்கும் குறைவு. அகப்படாதவர்களும் இருப்பார்கள்தான். என்றாலும் பெரும்பாலான பிள்ளைகள் இதையே தொடர்வதில்லை.

உங்கள் வீட்டில் நடந்தால் முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பாருங்கள். அது சொல்வதை நம்புங்கள். "ஏன் முதலே சொல்லேல்லை" என்று கேட்காதேங்கோ. திரும்பத் திரும்ப விசாரிக்கவும் வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் தனியே விடாதீர்கள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுக்கும் ஹொட்டலில் இது லேசில்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் சோஷல் சேர்விஸுக்குச் சொல்லி இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரியவர்களைக் கூட்டி மன்னிப்புக் கேட்க வைப்பது, பையனை ஊருக்கோ மாமா வீட்டுக்கோ அனுப்புவது எல்லாம் வேண்டாம். மாமா வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும். போனில் படம் இருந்தால் ஒருவருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம், அது தன்னுடைய படமாக இருந்தாலும்.

பாடசாலையில் பிள்ளைப் பாதுகாப்புக்கு என்று ஒரு ஆசிரியர் பொறுப்பாக இருப்பார். அவரிடமோ ஜி.பி.யிடமோ சொல்லலாம். இரகசியமாக வைக்கிறோம் என்று அவர்கள் வாக்குத் தர மாட்டார்கள், சோஷல் சேர்விஸுக்கு அறிவிப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, கேஸ். சோஷல் வேர்க்கர் ஹோம் ஒபிஸ் அதிகாரி இல்லை. விசா இல்லாத பிள்ளைக்கும் அவர்கள் உதவ வேண்டும் என்பது சட்டம். உதவி கேட்டதற்காக அசைலம் மறுக்கப்படுவதில்லை. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயதிலிருந்தே பிள்ளை மேல் வழக்குப் போடலாம், ஸ்கொட்லாந்தில் 12. நீதிமன்றத்தில் தண்டனை வந்தால் அதைப் பின்னர் விண்ணப்பங்களில் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் இமிகிரேஷன் சொலிசிட்டருக்கு உடனே சொல்லுங்கள். பொலிஸ் கூப்பிட்டால், பிள்ளைக்கு இலவசச் சொலிசிட்டர், இலவச மொழிபெயர்ப்பாளர், பக்கத்தில் ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் உரிமை. சொலிசிட்டர் வரும்வரை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அந்தத் தாய் அன்று போன் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து எனக்குப் பக்கத்தில் இருந்துதான் எடுத்தார். மற்றக் குடும்பத்துக்கு வேறு இடம் கிடைத்தது, அந்தச் சின்னப் பிள்ளைக்கும் உதவி கிடைத்தது. மகன் கிழமைக்கு ஒருநாள் ஒரு பயிற்சியாளரிடம் போகத் தொடங்கினான். முதல் மாதம் வாயே திறக்கவில்லையாம்.

பெயர் சொல்லாமல் ஆலோசனை கேட்க: ஸ்டொப் இற் நவ், 0808 1000 900. என்.எஸ்.பி.சி.சி. பெரியவர்களுக்கான இலக்கம் 0808 800 5000. பிள்ளைகள் தாங்களே கதைக்க சைல்ட்லைன், 0800 1111, பில்லில் வராது. உடனடி ஆபத்து என்றால் 999. ஆங்கிலம் கஷ்டம் என்றால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எடுப்போம். வாசலில் விசயம் சொல்லத் தேவையில்லை, "ரீச்சரோட கதைக்க வேணும்" என்றால் போதும்.