மூக்கடைப்புக் காலமும் தூக்கத்தில் மூச்சுத் தடையும்
(ஒளு, நோன்பு, சிகிச்சை ஆகியவற்றை ஒருசேரப் பேணுவது எப்படி?)

உடல் நலம் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாற்றமானதன்று. ஆனால் தொடங்கிய சிகிச்சையை இடையில் கைவிடும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். பனிக் காலத்தில் மூக்கு அடைத்துக் கொண்டதும், தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்க்காக மருத்துவர் கொடுத்த கருவியைப் பரணில் ஏற்றி விடுகிறவர்கள் உண்டு. இப்படிச் செய்வதிலுள்ள ஆபத்தையும், இதைத் தவிர்க்கும் வழியையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நோய் எது?

பலத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாக நாம் எண்ணி விடுகிறோம். சிலருக்கு அது நோயின் ஒலி. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு செல்லும் பாதை ஒட்டிக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று விடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, மூளை உசுப்புகிறது, திணறலோடு மூச்சு திரும்புகிறது. இவ்வாறு மணிக்கு 5 முதல் 15 தடவை நேர்ந்தால் லேசானது என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமையானது என்றும் மருத்துவர்கள் வகுக்கிறார்கள். நோயாளிக்கு இது தெரிவதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான் முதலில் அறிகிறார். பகலெல்லாம் அசதி, வாகனம் ஓட்டும்போது கண் சொருகல், காலைத் தலைவலி, ஏறிக்கொண்டே போகும் இரத்த அழுத்தம் ஆகியவை இதன் விளைவுகள். இருதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் இது வழி திறந்து விடுகிறது.

இதற்கான முக்கிய சிகிச்சை சி-பேப் கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். மூக்கின் மேல் பொருத்திய மாஸ்க் வழியாக இக்கருவி காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டைப் பாதை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. இது நோயை வேரோடு போக்குவதில்லை. அணிந்து உறங்கும் நேரத்தில் மட்டுமே காக்கிறது.

மூக்கடைப்பு ஏன் பகையாகிறது?

காற்று செல்லும் வாசல் மூக்கு. ஒவ்வாமையால் மூக்கின் உள்தோல் வீங்கினால் வாசல் குறுகுகிறது. நோயாளி வாயைத் திறந்து மூச்சு விடுகிறார், கருவியின் காற்று வாய் வழியே வீணாகிறது, நாக்கு வறள்கிறது. மூச்சு முட்டுவதுபோலத் தோன்றி மாஸ்க்கைக் கழற்றி விடுகிறார். ஆக, ஒவ்வாமையைக் கவனிப்பது இச்சிகிச்சையில் சரிபாதி.

நம் பகுதியில் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காற்று பலருக்கும் தும்மலைக் கிளப்புகிறது. சீமைக்கருவேலம், பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தமும் ஒவ்வாமையை உண்டாக்கும். இவற்றையெல்லாம் மிஞ்சி, ஆண்டு முழுவதும் தலையணையிலும் மெத்தையிலும் குடியிருக்கும் தூசிப் பூச்சி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அப்பூச்சியின் கழிவே பலருக்குக் காலைத் தும்மலின் காரணம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். படுக்கையறையில் பழைய கம்பளம், துணி மூட்டை வேண்டாம். ஒட்டடை அடிக்கும்போது நோயாளி வெளியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஊதுபத்தியும் நம் வீடுகளின் பழக்கம். நறுமணம் விரும்பத்தக்கதே, ஆனால் புகை, வீங்கிய மூக்குக்கு எதிரி. படுக்கையறையில் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் போடாமல், கொசுவலை கட்டிக்கொள்வது மேல்.

மருந்துகளில் கவனம்

ஒவ்வாமைக்குச் சிறந்த மருந்தாக மருத்துவர்கள் கருதுவது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஒரே நாளில் இதன் முழுப் பலன் கிடைக்காது. ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். எனவே பருவம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்கில் இடது கையாலும், இடது மூக்கில் வலது கையாலும், முனையை நடுத்தண்டின் பக்கம் காட்டாமல் காதின் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். பலமாக உறிஞ்சக் கூடாது. 

கடையில் கிடைக்கும் வேறொரு வகைச் சொட்டு மருந்து, விட்ட சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்து விடும். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் அந்த வகையைச் சேர்ந்தவை. சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கும் நிலை வந்துவிடும். சளி மாத்திரைகளில் சில, இரத்த அழுத்தத்தை ஏற்றும். தூக்கக் கலக்கம் தரும் பழைய அலர்ஜி மாத்திரைகள் பகல் மயக்கத்தை மேலும் கூட்டும். கலக்கம் குறைந்த புதிய வகைகள் இருப்பதால் மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள். தூக்க மாத்திரையை அவர் அறியாமல் தொடவே வேண்டாம்.

கருவியைப் பேணுதல்

மாஸ்க்கை நாள்தோறும் மெல்லிய சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். காற்று வடிகட்டியைத் தூசிக் காலத்தில் அடிக்கடி பார்த்து, அழுக்கேறியதை மாற்ற வேண்டும். ஈரப்பதம் தரும் தொட்டியில் தினமும் பழைய நீரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி வடித்த புது நீர் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான ஈரக் காற்று மூக்கின் எரிச்சலைத் தணிக்கும். அடைப்பு கடுமையான நாட்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் உண்டு. தாடி வைத்திருப்பவர்களுக்குச் சில மாஸ்க்குகளில் காற்று கசியும். அதற்காகத் தாடியையோ சிகிச்சையையோ விட வேண்டியதில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகை அவர்களுக்கு ஏற்றதாக இருக்கும்.

ஒளுவும் மூக்கும்

நாளில் பலமுறை மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துவது நமக்கு வழக்கம். உறங்கி எழுந்ததும் மூன்று முறை மூக்கைச் சிந்தும்படி நபிமொழி உண்டு. மூக்கிலுள்ள தூசியையும் மகரந்தத்தையும் இது ஓரளவு அகற்றும். ஆயினும் மருத்துவர்கள் கூறும் உப்புநீர்க் கழுவல் வேறு. ஒரு குவளை நீரில் கால் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக அயோடின் சேராத உப்பைக் கலந்து, ஒரு துவாரத்தில் செலுத்தி மறு துவாரத்தில் வெளியேற்றுவது அது. இதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கின் உச்சி வழியாக மூளைக்குச் சென்றால் உயிரையே பறிக்கக் கூடியது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபாவால் வரும் மூளைக் காய்ச்சல் பலரைத் தாக்கியது. கராச்சியில் நீச்சலுக்கே செல்லாதவர்களுக்கும் இது வந்ததுண்டு. ஒளுவின்போது மூக்கில் ஏறிய நீர் காரணமாகக் கருதப்பட்டது. இது அரிதான நோய்தான். எனினும் ஹவுளின் நீரும் மேல்தொட்டியின் நீரும் குளோரின் இட்டுச் சுத்தமாக இருப்பதைப் பள்ளி நிர்வாகிகள் கவனிப்பது கடமை.

நோன்பில் என்ன செய்வது?

மூக்குக்கு நீர் செலுத்துவதில் மிகைப்படுத்துவது நோன்பாளிக்குத் தவிர்க்கப்பட்டது என்பது நபிவழியில் வந்த செய்தி. உறிஞ்சிய நீரோ, மூக்கில் விட்ட மருந்தோ உள்ளே இறங்கினால் நோன்பு முறியும் என்பது நம்மிடையே பின்பற்றப்படும் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளின் நிலை. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு பேரவை, தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்தால் மூக்குச் சொட்டு மருந்தும் ஸ்பிரேயும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. இந்தக் கருத்து வேறுபாட்டில் நாம் சிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டீராய்டு ஸ்பிரே பெரும்பாலும் நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான். இஃப்தாருக்குப் பின் ஒரு முறை, தேவையானால் சஹரில் ஒரு முறை என வைத்துக்கொண்டால் போதும். உப்புநீர்க் கழுவலையும் இரவில் முடித்து, சிறிது நேரம் கழித்து ஸ்பிரேயை அடித்து, பிறகு மாஸ்க்கை அணியலாம்.

ரமளானில் உறக்கம் துண்டு துண்டாகிறது. தராவீஹுக்குப் பின் சிறிது, சஹருக்குப் பின் சிறிது, நண்பகலில் சிறிது என்று உறங்குகிறோம். சஹருக்கு எழும்போது மாஸ்க்கைக் கழற்றியவர், பஜ்ருக்குப் பின் "சற்று நேரம்தானே" என்று வெறுமனே படுத்து விடுகிறார். பெரிய தவறு இங்கேதான் நிகழ்கிறது. கனவு மிகுந்த உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்நேரம் தசைகள் மிகவும் தளர்வதால் பலருக்கு மூச்சுத் தடையும் அப்போது மோசமாகிறது. உறங்கும் நேரமெல்லாம் மாஸ்க் வேண்டும் என்பதை மறக்கலாகாது. பகலில் கருவி தருவது காற்றுதான். அது உணவோ பானமோ அன்று. தொட்டியின் ஈரக் காற்றைப் பற்றி மனத்தில் ஐயம் இருந்தால், பகல் உறக்கத்தில் தொட்டியில் நீர் இல்லாமல் பயன்படுத்தலாம். உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளலாம். 

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆகவே சுமார் 33 ஆண்டுகளில் நோன்பு எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. சில ஆண்டுகளில் அது பனிக் காலத்தோடு சேரும். அந்த ஆண்டுகளில் ரமளானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்து நேரங்களை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

பஜ்ருக்கு எழ முடியவில்லை, தொழுகையில் கண் சொருகுகிறது என்று தம்மையே நொந்துகொள்ளும் சகோதரர்கள் பலர். சோம்பல் என்று வீட்டாரும் ஏசுகிறார்கள். அது சோம்பலாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். இல்லத்து அரசிகளே! உங்கள் கணவரோ, தகப்பனாரோ உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவதைக் கண்டால் ஏசாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கும் இந்நோய் வரும் என்பதை ஆண்களும் நினைவில் வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல உறக்கத்தையும், விழித்தபின் நல்ல அமலையும் தந்தருள்வானாக! ஆமீன்.