தோட்டத்துப் பல்லி எந்நாட்டது?

பல்லியை அறியாத தமிழ்ப் பிள்ளை இருத்தல் அரிது. அது ஒலிக்கும் திசையறிந்து பலன் கூறுவது எமது முன்னோரின் வழக்கம். நாம் வாழும் பிரிஸ்பேன் நகரிலும் மாலை வேளைகளில் தோட்டத்து விளக்கடியில் அதே "சிக், சிக், சிக்" என்னும் ஒலி கேட்கின்றது. ஆகவே இப்பல்லி இந்நாட்டிலும் தொன்றுதொட்டு வாழ்வது எனப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று.

ஆசிய வீட்டுப் பல்லி எனப்படும் இவ்வினத்தின் தாயகம் தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் ஆகும். கப்பற் சரக்குகளுடன் வந்த இப்பல்லி 1960களில் டார்வின் நகரிலும், 1980களில் பிரிஸ்பேனிலும் நிலைகொண்டது. இன்று வீட்டுச் சுவர்களில் மட்டுமன்றி, தோட்டங்களிலும் அயலிலுள்ள காடுகளிலும் வாழ்கின்றது.

அடையாளம் காண்பது எவ்வாறு?

நிறத்தை நம்புதல் கூடாது. ஒரே பல்லி பகலிற் கருமையாகவும் இரவில் வெளிறியும் தோன்றும். பின்வரும் மூன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

1. வால்: ஆசியப் பல்லியின் வாலின் இருபுறமும் சிறு முட்கள் வரிசையாக உள்ளன. இந்நாட்டு டெல்லாப் பல்லியின் வால் வழுவழுப்பானது. ஆயினும் அறுந்து மீண்டும் வளர்ந்த வாலில் முட்கள் இரா.

2. விரல்: ஆசியப் பல்லியின் எல்லா விரல்களிலும் நகம் உண்டு. டெல்லாவின் உட்புற விரலில் நகம் இல்லை. பல்லி யன்னற் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது உள்ளிருந்து பார்த்தால் இதனை நன்கு காணலாம்.

3. ஒலி: உரத்து, விட்டுவிட்டு ஒலிப்பது ஆசியப் பல்லி. டெல்லாவின் ஒலி மெல்லியது.

ஏன் அறிய வேண்டும்?

வந்தேறிய உயிரினம் உணவையும் மறைவிடத்தையும் கைப்பற்றினால் அங்கு முன்பிருந்தவை நலிவடையும். மொரீசியசை அடுத்த சிறு தீவுகளில் அந்நாட்டுக்கே உரிய இரவுப் பல்லிகள் ஒடுங்கியமைக்கு இதே ஆசியப் பல்லி காரணமாயிற்று. மறுபுறம், அந்நியப் பல்லியென எண்ணி ஒரு டெல்லாவைக் கொன்றால் நாம் காக்க வேண்டியதையே அழித்தவராவோம். குவீன்ஸ்லாந்தின் 1992ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுப் பல்லிகளைக் காக்கின்றது. எனவே இனமறியுமுன் எப்பல்லியையும் துன்புறுத்தலாகாது.

நாம் செய்யத்தக்கவை

பெற்றோரே, பூச்சாடி, பழைய தளபாடம், கூடாரப் பொருட்கள் ஆகியவற்றை வேறிடம் கொண்டு செல்லுமுன் அவற்றின் இடுக்குகளை ஆராயுங்கள். இப்பல்லி ஒருமுறைக்கு இரண்டு முட்டைகள் இடும். அவற்றின் கடினமான ஓடு நெடும் பயணத்தையும் தாங்கவல்லது. இரவில் தேவையற்ற வெளிவிளக்குகளை அணைத்தால் பூச்சிகள் குறையும். அவற்றைத் தேடிவரும் பல்லிகளும் குறையும்.

பிள்ளைகளே, எமக்கு நன்கு பழக்கமான பல்லி இம்மண்ணிற்குப் புதியது. எமக்குப் புதியதாய்த் தோன்றும் பல்லியோ இம்மண்ணின் பழங்குடி. ஒன்றைக் கண்டவுடன் பெயர் சூட்டாது, வாலையும் விரலையும் பார்த்து, ஒலியையும் கேட்டு முடிவு செய்வதே அறிவு.

பயிற்சி

1. வால் அறுந்த பல்லியை எவ்வாறு இனங்காண்பீர்?
2. ஒரு வாரம் இரவிலே தோட்டத்தை அவதானித்து, கண்ட பல்லிகளின் அடையாளங்களைத் தமிழில் எழுதுக.