பிரேக்கைச் சோதிக்க லேப்டாப் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், அதை வைத்து இன்னும் என்னென்ன செய்யலாம் என்று தேடிக் கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? அல்லது செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் எண்ணம் உண்டா? அப்படியானால் லேப்டாப்பைக் காருடன் இணைத்து, கார் பதிவு செய்து வைத்திருக்கும் கோளாறுகளைப் படித்துப் பார்க்கலாம்.

சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. விடுமுறை நாட்களில் நண்பர்களின் பழைய கார்களைச் சோதித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. "ஸ்கேன் செய்தால் பிரேக் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்து விடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். பாதிதான் தெரியும். தெரியாத மறுபாதிதான் ஆபத்தானது. இரண்டையும் பார்ப்போம்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பேட் அல்லது ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கையோ டிரம்மையோ பிடிக்கிறது. பழைய கார்களில் இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

ஏபிஎஸ் உள்ள கார்களில் சக்கரங்களின் வேகத்தை சென்சார்கள் அளக்கின்றன. சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்கத் தொடங்கினால், ஒரு சிறிய கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டுகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார் என்றால், ஏபிஎஸ் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்து கொள்ளுங்கள்.

லேப்டாப் பேசுவது இந்தக் கம்ப்யூட்டரோடுதான். சென்சார் இல்லாத பாகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. விண்டோசின் டிவைஸ் மானேஜரில் மஞ்சள் குறி இல்லை என்பதால், கீபோர்டின் எல்லா கீகளும் வேலை செய்கின்றன என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

முதலில் காலும் கண்ணும்

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன், காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு இவற்றைச் செய்யுங்கள்.

1. இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் கடினமாகும். மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சிறிது கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையும் அதன் வேக்குவம் குழாயையும் பார்க்க வேண்டும்.

2. இன்ஜின் ஓடும்போது, ஒரே அழுத்தத்தில் 30 விநாடி மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. ஸ்பாஞ்ச் போல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

3. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு மின், மேக்ஸ் கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். பேட் தேயத் தேய அளவு குறையும், கசிந்தாலும் குறையும். எனவே காரணம் தெரியாமல் ஊற்றி நிரப்பி விடாதீர்கள். பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. இன்ஜின் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றக் கூடாது. மூடியில் குறிப்பிட்டுள்ள வகையையே பயன்படுத்த வேண்டும்.

4. டார்ச் அடித்து நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த நிலையில் இதற்கான வரம்பு 155 டிகிரிதான். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் திடீரென்று தரையைத் தொடும். இதற்கும் சென்சார் கிடையாது.

விளக்குகளைக் கவனியுங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பழுதை மறைக்க விளக்கின் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் இருந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் செய்யாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் காரை ஓட்டாதீர்கள்.

இப்போது லேப்டாப்

ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்று தேவை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் அதைச் செருகி, சாவியை ஆன் செய்யுங்கள். விண்டோசின் செட்டிங்சில் புளூடூத் பகுதிக்குச் சென்று, ஆட் டிவைஸ் என்பதை க்ளிக் செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

அடுத்து சாப்ட்வேர். பொதுவான ஓபிடி சாப்ட்வேர்களில் பல இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அவை 'பி' என்று தொடங்கும். ஏபிஎஸ் கோடுகள் பெரும்பாலும் 'சி' என்று தொடங்கும். அவற்றைப் படிக்க உங்கள் கார் கம்பெனிக்கு ஏற்ற சாப்ட்வேர் வேண்டும். உதாரணமாக, போர்டு கார்களுக்கு போர்ஸ்கேன் இருக்கிறது. எனவே "கோளாறு இல்லை" என்று திரையில் வந்தால், ஏபிஎஸ் பகுதியைப் படித்துத்தான் அப்படிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

சி0035 என்று வந்தால் முன் இடது சக்கர சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. உடனே புது சென்சார் வாங்க வேண்டாம். ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் அழுக்கு இருக்கலாம். கோடை எழுதி வைத்துக் கொண்ட பிறகே அழியுங்கள். அழித்தால் பழுது சரியாகி விடாது.

ஸ்கேன் சொல்லாதது

ஒரு நண்பர் வாங்க நினைத்த 2014 மாடல் காரைப் பார்க்கப் போனேன். ஏபிஎஸ் பகுதியைப் படித்தேன். ஒரு கோடு கூட இல்லை. விற்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் 30 விநாடி சோதனையில் பெடல் கீழே இறங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது பின் சக்கரம் ஒன்றின் உட்புறம் ஈரமாக இருந்தது. மெக்கானிக் டிரம்மைக் கழற்றினார். வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ முழுவதும் நனைந்திருந்தது. நண்பருக்குச் சிறு குழந்தைகள் உண்டு. ஸ்கேனை மட்டும் நம்பியிருந்தால், அன்று மாலையே குடும்பத்தோடு அந்தக் காரில் ஊருக்குக் கிளம்பியிருப்பார்.

காரை ஓட்டும்போது தெரியும் அறிகுறிகளையும் நினைவில் வையுங்கள். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது, இரும்பு உரசும் சத்தம், ஸ்டியரிங் அதிர்வது, ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாவது. இவற்றுக்கும் பொதுவாகக் கோடு வராது. சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள்.

பெடல், ஆயில், ஈரம், விளக்கு, அதன் பிறகு லேப்டாப். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் காரில் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த முறை கார் பார்க்கப் போகும்போது உதவும்.