நூற்றுவர் தலைவனின் செபம்

கேகாலை மாவட்டத்திலே, கொழும்பு–கண்டி வீதியில் உள்ளது அம்பேபுஸ்ஸ. சிங்கப் படைப்பிரிவின் தலைமை நிலையம் அங்கேதான். போரின் இறுதிக் காலத்தில், புலிகளின் படையில் சேர்க்கப்பட்டிருந்த சிறுவர்களுக்கான புனர்வாழ்வு நிலையமும் அதே ஊரில் இயங்கியது. எதிரெதிர் நின்ற இருவரையும் கண்டது ஒரே மண்.

2006 முதல் 2009 மே வரை 6,261 படையினர் மாண்டனர், 29,551 பேர் காயமுற்றனர் என்று அரசு அறிவித்தது. புலிகள் தரப்பில் சரணடைந்தோரும் பிடிபட்டோருமாக ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். பொதுமக்களோ பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர்.

கணக்கில் வராத காயங்களும் உண்டு. மிதிவெடியில் கால் இழந்தவனுக்குப் பொய்க்கால் கிடைக்கலாம். ஆனால், பக்கத்தில் நின்ற தோழன் விழுந்ததைக் கண்டவனுக்கு உறக்கம் எங்கே கிடைக்கும்? திருவிழாப் பட்டாசுக்கே அவன் உடல் பதறுகிறது. தான் சுட்ட, பெயர் தெரியாத ஒருவனின் முகம் கனவில் வருகிறது. சிலர் அதைச் சாராயத்தில் மறக்கப் பார்க்கின்றனர். வீட்டார் அந்த வேதனையையும் சுமக்கின்றனர்.

இவர்களுக்காக இரங்குவது நமக்கு எளிதன்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நம்மவர் தாக்கப்பட்டதையும், சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நடுங்கி நின்றதையும் நாம் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று திருச்சபையும் சொல்லவில்லை. நீதி கேட்பது பாவமன்று.

திருச்சபையின் போதனை என்ன? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நாட்டுப் பணியில் நிற்கும் படைவீரர் மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் பணியாளராய் இருக்கவேண்டும் என்றது. இனத்தையே அழிக்கும் கட்டளைகளைக் குற்றமென்று கண்டித்தது. அவற்றுக்குப் பணிய மறுப்போரின் துணிவைப் போற்றியது. ஆகவே, சீருடை ஒருவனுடைய மனச்சாட்சியை மூடிவிடாது.

நம் ஆண்டவர் காட்டிய வழியையும் பாருங்கள். கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவன் யூதருக்கு அந்நியன்; ஆயுதம் தாங்கியவன். இயேசு அவனைத் துரத்தவில்லை. அவன் ஊழியனைக் குணமாக்கினார், அவன் விசுவாசத்தை வியந்தார். நற்கருணை வாங்குமுன் நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் சொல்லும் செபம், அந்தப் போர்வீரன் வாயில் பிறந்ததே! அவன் சொற்களை நாவில் வைத்துக்கொண்டு, அவனைப் போன்றவனை நெஞ்சில் வெறுக்கலாமா?

இறந்தோரை நினைக்கும் நவம்பரில், வன்னியில் மகனைப் புதைக்கவும் வழியின்றிப் போன தாய்க்காகவும், தோட்ட எல்லைக்கு அப்பால் கிராமத்தில் மகனின் படத்துக்கு விளக்கேற்றும் தாய்க்காகவும் ஒரே செபமாலை சொல்வோம். ஊன்றுகோலோடு கடைக்கு வரும் அந்தக் கிராமத்து இளைஞனிடம் இரண்டு வார்த்தை பேசுவோம். சமாதானம் அங்கேதான் தொடங்கும்.