பெயர் பிறகு வரட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நல்லேப்பிள்ளி வயல் வரப்பில் கல்லைப் புரட்டியதும் ஓடிய கறுப்பு வண்டின் படம் கிடைத்தது. "என்ன வண்டு அண்ணா, பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். இப்போது சொல்ல மாட்டேன். ஒரே படம், அதுவும் முதுகுப்பக்கம். அதை வைத்துப் பெயர் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதே.

முதலில் அது தரைவண்டுதானா என்று பார்ப்போம். கராபிடே என்ற அந்தக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 40,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இரவில் ஓடியாடி இரை பிடிப்பவை. கறுப்பாக, தரையில் ஓடுகிற எல்லாமே அதில் சேராது. கேரளத்தில் கோடை மழை தொடங்கியதும் ரப்பர்த் தோட்டத்துச் சருகை விட்டுக் கிளம்பி, வீடுகளுக்குள் கூட்டம் கூட்டமாக நுழையும் முப்ளி வண்டு உனக்குத் தெரிந்திருக்கும். லூப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மேலிருந்து பார்த்தால் சிறிய தரைவண்டு என்றே தோன்றும். ஆனால் அது டெனிபிரியோனிடே என்ற வேறு குடும்பம். சருகு தின்று வாழ்வது.

காலைப் பார்த்தால் குழப்பம் தீரும். நகத்துக்கு மேலே உள்ள பாதக் கணுக்களை எண்ணு. தரைவண்டுக்கு ஆறு கால்களிலும் ஐந்தைந்து. முப்ளி வண்டின் குடும்பத்தில் முன்கால், நடுக்கால்களில் ஐந்து, பின்காலில் நான்குதான். அடுத்து உணர்கொம்பின் அடி. தரைவண்டுக்கு அது கண்ணுக்கும் தாடைக்கும் நடுவே தெளிவாகத் தெரியும். மற்றதில் தலையின் விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும். பிறகு வண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு அடியிலிருந்து பார். பின்தொடையின் தொடக்கத்தில் அவரை விதை வடிவில் ஒரு புடைப்பு இருந்தால் தரைவண்டு என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிரு. முன்காலின் உட்புறத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். உணர்கொம்பை அதற்குள் கொடுத்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்துத் துடைக்கும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

நிறத்தையும் புள்ளியையும் கடைசியில் பார். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட பக்கங்களில் தேடும்போது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா கண்ணில் படலாம். 1775-லேயே ஃபேப்ரீஷியஸ் விவரித்த பெரிய கறுப்பு வண்டு. முன்முதுகில் இரண்டு, சிறகுறையில் நான்கு என ஆறு வெண்புள்ளிகள். சந்தேகத்துக்கே இடமில்லை என்று நினைப்பாய். ஆனால் தென்னிந்தியப் புதர்க்காடுகளில் தெரியா பெட்டிவெரியானா என்று ஒரு கரப்பான் இருக்கிறது. கறுப்பு உடலில் ஏழு வெண்புள்ளிகள். இந்த வண்டைப் போல வேடமிட்டே அது தப்பிக்கிறது என்று கருதுகிறார்கள். வண்டின் சிறகுறைகள் நடுக்கோட்டில் நேராகச் சந்திக்கும். கரப்பானின் சிறகு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆந்தியாவை முகத்தருகே கொண்டுபோகாதே. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஈரமான கற்களுக்கு அடியில் கிடைக்கும் மஞ்சளும் கறுப்புமான பெரோப்சோபஸையும் வெறுங்கையால் எடுக்காதே. அது வெடியோசையோடு விடும் திரவம் ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் வெளிவரும்.

இனப்பெயர் வரை போக ஆசைப்பட்டால் ஆண்ட்ரூஸ் எழுதிய 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' தொகுதிகளைத் திறந்து பார். 1929-இல் ஒன்று, 1935-இல் ஒன்று. கண்ணுக்கு மேலே எத்தனை முடி, முன்முதுகின் ஓரத்தில் எத்தனை முடி என்று கேட்டுக்கொண்டே போவார். கைப்பேசிப் படத்தில் இவை தெரியாது. பல பேரினங்களில் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் இனத்தை முடிவு செய்யவே முடியாது. அதனால் நோட்டில் 'கராபிடே, இனம் தெரியவில்லை' என்று எழுத வெட்கப்படாதே. ஊகித்து எழுதிய ஒரு பெயர் அடுத்தவர் பட்டியலிலும் ஏறிவிட்டால் அதை அழிப்பது பெரும்பாடு. தேதி, இடம், நேரம், வயலா தோப்பா, மண் ஈரமா காய்ந்ததா என்பவற்றை அன்றே குறித்துவை. பின்னாளில் எவரும் இவற்றை ஊகித்து நிரப்ப முடியாது.

அடுத்த முறை பிளாஸ்டிக் கப் ஒன்றை வரப்பில் விளிம்பு மண் மட்டத்துக்கு வரும்படி புதைத்துவை. அடியில் துளையிடு, மழைநீர் வடியட்டும். மருந்து எதுவும் ஊற்றாதே. விடிந்ததும் போய்ப் பார்த்துவிடு, இல்லையென்றால் உள்ளே ஒன்றை ஒன்று தின்றுவிடும். மேலே, அடியில், பக்கவாட்டில், தலை நெருக்கத்தில் என நான்கு படம் எடு. பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் இருக்கட்டும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடு. படங்களைப் பார்த்த பிறகும் முடிவுக்கு வர முடியாவிட்டால், கோழிக்கோட்டில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை மண்டல மையத்துக்கு நாம் இருவரும் சேர்ந்து எழுதிக் கேட்போம்.

அன்புடன்,
அண்ணன்