நானோ துகளை வளரவிடாதது எது?



நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் மேசைக்கு வந்த எல்லோரிடமும், "சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சேர்த்தால் அது துகளை உடைத்து உடைத்து நானோ அளவுக்குச் சின்னதாக்கிடும்" என்று சொன்னேன். அது தப்பு. பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தர் "எதை வச்சு உடைக்கும்?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. அப்புறம் டீச்சரிடம் கேட்டுப் படித்தேன். அன்று வந்த எல்லோரையும் தேடிப் பிடித்துச் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் தூள் ஒட்டுமே, அதில் மேக்னடைட் இருக்கிறது. 3 இரும்பு அணு, 4 ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் சேர்ந்த ஆக்சைடு. ஸ்பீக்கரில் இருக்கிற கறுப்புக் காந்தம் இதற்குச் சொந்தக்காரன்தான். நானோ மேக்னடைட் செய்யும்போது கட்டியை எடுத்து அரைப்பதில்லை. இரும்புச் சேர்மத்தைத் திரவத்தில் கலந்து நன்றாகச் சூடாக்குகிறார்கள். முதலில் சில அணுக்கள் கூடி ஒரு விதை உண்டாகும். பிறகு அதன்மேல் அணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் துகள் பெருத்துவிடும், பக்கத்துத் துகளோடும் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

இங்கேதான் சர்ஃபாக்டன்ட் வருகிறது. ஓலியிக் அமிலம் அதில் ஒன்று. கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் கொழுப்பு அமிலம். அதன் தலை இரும்பு அணுவைப் பிடித்துக்கொள்ளும். 17 கார்பன் நீளமுள்ள வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படித் துகளைச் சுற்றி வாலாக நின்றால் இன்னொரு துகள் கிட்ட வர முடியாது. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது இல்லையா, அது மாதிரி. ஆனால் தலை ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளாது, விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த இடைவெளியில் புது அணு நுழையும். அதனால் வளர்ச்சி நிற்காது, மெதுவாகும். மெதுவானால்தான் வேண்டிய அளவில் நிறுத்த முடியும்.

2002இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஷௌஹெங் சுன், ஹாவ் ஜெங் இருவரும் சின்னத் துகளையே விதையாகப் போட்டு வளர்த்து, 3 முதல் 20 நானோமீட்டர் வரை அளவுகளில் மேக்னடைட் செய்தார்கள்.

அளவு ஏன் முக்கியம்? பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம்! (மூன்று தடவை கணக்குப் போட்டேன், சரிதான்.) மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற விஷம் இருக்கிறது. அது மேக்னடைட்டின் பரப்பில் ஒட்டும். பரப்பு கூடினால் விஷமும் கூடுதலாக ஒட்டும். பிறகு காந்தத்தால் துகளை வெளியே எடுத்துவிடலாம். 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கால்வின் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். 12 நானோமீட்டர் துகள் சாதாரணக் காந்தத்துக்கே வந்தது. 4 நானோமீட்டர் துகளுக்கு இன்னும் பலமான காந்தம் தேவைப்பட்டது. சின்னதாக இருந்தால் மட்டும் போதாதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சது.

ஒரு கணக்கு: அதே கனசதுரத்தை 20 நானோமீட்டராக வெட்டினால் எத்தனை சென்ட்? விடை கண்டவர்கள் 9ஆம் வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லுங்க. கேள்வி கேட்ட அக்கா, நீங்களும் வாங்க.